மூன்றாவது மேசையில் பேசியது

படத்தில் அது அந்தக் காலத்துப் பெண்கள் விடுதிப் பள்ளி. நிஜத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, பிறகு அதன்மேல் புகையடித்துப் பழசாக்கியிருந்தார்கள். நான் அங்கே துணை நடிகை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கணுக்காலைத் தொடும் பாவாடை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். சாப்பாட்டுக் கூடத்தில், கதாநாயகிக்குப் பின்னால் மூன்றாவது மேசை என்னுடையது.

எனக்கு எதிரே, பின்னலில் நீல ரிப்பனோடு ரெட்டைச்சுழி. தலை வாரிவிடும் அக்கா வைத்த பெயர் அது. "உனக்கு வகிடு எடுக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்டி" என்று தினமும் சீப்பால் அவள் மண்டையில் ஒரு தட்டு தட்டுவார்.

கூடத்தில் குரல் விட்டுப் பேசுவது கதாநாயகியும் வார்டனாக நடிப்பவரும் மட்டுந்தான். அவர்கள் பேச்சு சுத்தமாகப் பதிய வேண்டும் என்பதால் மற்றவர்கள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். கரண்டிகூடத் தட்டில் படக்கூடாது. "சிரிங்க, பேசுங்க, தலையாட்டுங்க. சத்தம் வந்துச்சோ, தொலைச்சிடுவேன்" என்பார் உதவி இயக்குநர்.

பலர் சும்மா மென்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அது வரவில்லை. குரலை மட்டும் அடக்கிக்கொண்டு நிஜமாகவே பேசினேன். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லை என்றேன். என் அக்கா கல்யாணமாகிப் போனபின் வாடகை அறையில் நான் மட்டும் இருக்கிறேன் என்றேன். ரெட்டைச்சுழி கண்ணை விரித்துக் கேட்பாள். பதிலுக்கு அவளும் மளமளவென்று ஏதோ சொல்வாள். உதட்டைப் பார்த்துப் படிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்த மாதிரி இருந்தது. இடைவேளையில் அவள், துணை நடிகைகளைக் கூட்டிவரும் ஏஜெண்டின் வண்டியில் வந்த கூட்டத்தோடு போய்விடுவாள். நான் பஸ்ஸில் வருகிறவள். அங்கே போய் நிற்கக் கூச்சம்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா கறாராகச் சொன்னார். "ரெண்டு பேர் ரூமை ஒருத்திக்குக் குடுத்தா எனக்குக் கட்டுப்படி ஆகாதும்மா. கூட ஒரு ஆளைப் பிடி. இல்லன்னா ரெண்டு நர்ஸுங்க கேட்டுட்டிருக்காங்க, அவங்களுக்கு விட்டுடுவேன்."

மறுநாள் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது ரெட்டைச்சுழியிடம் கேட்டேன், சத்தமில்லாமல்தான். என் அறைக்கு வந்துவிடுகிறாயா, ஜன்னலோரக் கட்டில் உனக்கு என்று. அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையை ஆட்டினாள். மேசைமேல் கையை நீட்டி என் கையைத் தொட்டாள். அன்று மாலையே வீட்டுக்கார அம்மாவிடம் ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

இன்றோடு எங்கள் காட்சிகள் முடிந்தன. வண்டியில் ஏறப்போனவளை வாசலில் நிறுத்தினேன்.

"என்னிக்கு வர்ற?"

"எங்க?"

"ரூமுக்கு. நான் கேட்டேனே. நீ தலையாட்டினியே."

"ஐயோ! ஆட்டச் சொன்னாங்க, ஆட்டினேன். நீ நிஜமாவா பேசிட்டிருந்த?"

"அப்ப நீ என்ன சொல்லிட்டிருந்த?"

"எங்க அண்ணியத் திட்டிட்டிருந்தேன். வீட்ல வாயைத் திறக்க முடியுதா? இங்க சிரிச்சுக்கிட்டே திட்டலாம், சம்பளமும் தர்றாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் குரல் கரகரப்பாக இருந்தது. இத்தனை நாளும் நான் அவளுக்கு வேறொரு மெல்லிய குரலை வைத்திருந்தேன்.

கேட்டிருக்கவேண்டாம். கேட்டேன். "கையைத் தொட்டியே?"

"அதுவா? 'நீல ரிப்பன், எதிர்ல இருக்கற பொண்ணு கையைத் தொடு'ன்னு ஷாட்டுக்கு முன்னாடி அசிஸ்டென்ட் டைரக்டர்தான் கத்தினாரே. உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அப்போதே நான் பேச்சில் இருந்தேன்.

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "அண்ணன் விடமாட்டாருப்பா. இல்லன்னா சத்தியமா வந்திருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். மனதாரச் சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று என்னால் முடிவுக்கு வரமுடியவில்லை. இந்த விஷயத்தில் என் கணிப்பை நம்பவும் முடியாது.

மாலை வகுப்புக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தேன்.

"வரலையா? அன்னிக்கு அடிச்சுச் சொன்னியேம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா.

"நான்தாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"சரி விடு. நர்ஸுங்களை நாளைக்கு வந்து பாக்கச் சொல்றேன்."

நகராமல் நின்றேன். "அவங்களோட மூணாவதா நான் இருந்துக்கலாமாங்க?"

"மூணு கட்டிலை எங்க போடறது, என் தலையிலயா?"

"நான் கீழ படுத்துக்கறேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "என்னை ஏன் கேக்கற? அவங்களைக் கேளு. நைட் டூட்டி முடிஞ்சு நேரா வருவாங்க, கண்ணே திறக்காது. நீட்டி முழக்காம சொல்லு."

அறையைப் பெருக்கினேன். இரண்டு கட்டில்களிலிருந்தும் என் சாமான்களை எடுத்துவிட்டு, கதவோரம் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தேன். கதவைத் திறந்தால் காலில் இடித்தது. காலை மடக்கிக்கொண்டால் இடிக்கவில்லை.