நாற்பத்திரண்டு டிகிரி

முதல் அடி காவலாளிக்கு விழுந்தது. லூர்துசாமி விட்ட அறையில் அவன் ஆய்வகக் கதவோடு போய் மோதினான். கதவு திறந்துகொண்டது. கிழவருக்கு வேண்டியதும் அதுதான்.

எழுபத்திரண்டு வயது. பிழைக்க வந்த மராட்டிய மண்ணில், கட்கியில் ஒரு பட்டறையில் நாற்பது வருஷம் சம்மட்டி பிடித்த கை. மகன் மெர்வின் சாகண் தொழிற்சாலையில் பிரஸ் மிஷினில் வயிறு நசுங்கி, இந்த ஆஸ்பத்திரியின் ஐசியூவில் பதினெட்டு நாளாகக் கிடக்கிறான். குடலை வெட்டித் தைத்தார்கள். அப்புறம் காய்ச்சல். ரத்தத்தில் பூஞ்சை என்றார்கள். நாலு நாளாக மருந்தும் ஏறுகிறது, காய்ச்சலும் ஏறுகிறது. தினமும் ஒருத்தி வந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறாள். எங்கே போகிறது அத்தனை ரத்தமும்?

இதோ, இங்கே. மேசையில் குப்பி குப்பியாக. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்புதான், ஆனால் குப்பியில் ஒட்டியிருந்த மகன் பெயரை இங்கிலீஷில் படிக்கத் தெரியும். அவன் டிபன் கேரியரில் அதை வெட்டிக் கொடுத்தவரே அவர்தான்.

“என் புள்ள ரத்தத்தை யாருக்குடா விக்கிறீங்க?”

குப்பியைத் தரையில் அறைந்தார். ரத்தம் சுவர்வரை தெறித்தது. முக்காலியைத் தூக்கி, பூஞ்சை வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் கண்ணாடியில் போட்டார். உள்ளேயிருந்த வட்டத் தட்டுகளை வாரி இழுத்தார். கையைப் பிடித்துத் தொங்கிய பெண்ணை உதறினார். அவள் நெற்றி மேசை முனையில் பிளந்தது.

“ஐயோ, அத மிதிக்காதீங்க! அதுலதான்யா மருந்து தெரியும்!”

தமிழ்! தூக்கிய கை அப்படியே நின்றது. ஆனால் கால் ஏற்கெனவே தட்டை நசுக்கிவிட்டிருந்தது.

அவள் பெயர் சியாமளா, ஆய்வகக்காரி. நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு பேசினாள். “உங்க பையன் ரத்தத்துல வளந்ததுக்கு மிஷின் ஒரு பேர் சொல்லுச்சு. இப்ப ஏத்துற மருந்துக்குச் சாகுற பூஞ்சைன்னு. நான் நம்பல.”

“மிஷின் பொய் சொல்லுமா?”

“தெரியாத மூஞ்சியப் பாத்தா பக்கத்து வீட்டுக்காரன் பேரச் சொல்லிரும். அதான் நாப்பத்திரண்டு டிகிரில வச்சுப் பாத்தேன். மிஷின் சொன்னது அந்தச் சூட்டுல வளராது. இது கொழுத்து வளந்திருக்கு. எந்த மருந்துக்குச் சாகும்னு இன்னொரு தட்டுல போட்டிருந்தேன். சாயங்காலம் தெரிஞ்சிருக்கும்.”

“டாக்டர மருந்த மாத்தச் சொல்லு.”

“சொல்லாமலா இருப்பேன்? ரிசல்ட் பேப்பர் வரட்டும்கிறார்.”

“அப்ப இன்னொரு தட்டு போடேன்மா.”

“எத வச்சு? எல்லாம் உங்க கால்ல ஒட்டியிருக்கு. புதுசா ரத்தம் எடுக்கணும். குப்பில வளர ரெண்டு நாள், தட்டுல ஒரு நாள்.”

காவலாளி துணைக்கு இரண்டு பேரோடு வந்தான். “ஏ புட்டே!” என்று கிழவனைத் திட்டியபடி தடி தோளில் இறங்கியது. ஐந்தாறு அடி. லூர்துசாமி கையைத் தூக்கவில்லை.

“சோடோ!” என்று, அவரை விடச் சொல்லி சியாமளா கத்தினாள். “இந்த ஆள் வேணும். அவர் பையன் ஊசி குத்த விடமாட்டேங்கிறான்.”

ஐசியூவில் மெர்வின் காய்ச்சல் வேகத்தில் கட்டிலை உதைத்துக்கொண்டிருந்தான். கிழவர் மகனின் தோளில் முழங்காலை ஊன்றி மணிக்கட்டை அழுத்தினார். “விடுறா கெழவா, கொன்னுருவேன்!” என்று அவன் அப்பன் முகத்தில் காறித் துப்பினான். அவர் முன்கையைக் கடித்தான். பல் சதையில் இறங்கியது. குப்பி நிறையும்வரை கிழவர் பிடியை விடவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. வியாழன் மத்தியானம் மெர்வின் செத்தான். பேப்பர் வெள்ளிக்கிழமை வந்தது.

மகனைப் புதைத்த மண் காலில் இருக்க, லூர்துசாமி ஆய்வக வாசலில் போய் நின்றார். சியாமளாவின் நெற்றியில் ஆறு தையல். கேட்காமலே தட்டை எடுத்து வந்து காட்டினாள். மெர்வின் உடம்பில் ஏற்றிய மருந்தைத் தோய்த்து வைத்த வில்லையை ஒட்டியே பூஞ்சை மண்டியிருந்தது. இன்னொரு மருந்து வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமை, பூஞ்சையே இல்லை.

“இதக் குடுத்திருந்தா?”

“பொழச்சிருப்பான்னு சொல்லமாட்டேன். பக்கத்து பெட் அம்மாவுக்கும் இதே காய்ச்சல். இதப் பாத்து அவங்களுக்கு இன்னைக்கே மருந்த மாத்திட்டாங்க.”

அந்த வெறுமையைத் தொட்டுப் பார்க்கக் கிழவர் கையை நீட்டினார். பல் பதிந்த புண் இன்னும் காயாத கை.

சியாமளா தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.