மூடுபனியில் ஒரு மக்கள் தொகை

1

எங்கள் ஊரைப் பற்றிய கையேடு ஒன்றுக்காக, ‘நிலமும் மக்கள் தொகையும்’ என்று அரைப்பக்கம் எழுதித்தரச் சொன்னார்கள். அங்கிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. என் முதல் வரி: ‘தெற்குச் செர்பியாவில், இரு மலைகளுக்கு நடுவே, ஆற்றங்கரையில் வெர்பீத்ஸா அமைந்துள்ளது. மக்கள் தொகை—’

அதோடு பேனா நின்றுவிட்டது. மேல் தெருவில் கடைசியாக மிஞ்சியிருக்கும் விதவை ஸ்தானிகாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்று மாலைதான் தெரியும்.

2

(முதலில் நிலம்.) நவம்பரில் ஆற்றிலிருந்து பனி எழுந்து பள்ளத்தாக்கை அடைத்துக்கொள்ளும். கீழே இருப்பவர்களுக்கு மேல் தெருவின் புகைபோக்கிகள் தெரியாது. புகை தெரியாத வீட்டில் ஆள் இல்லை என்று முடிவுகட்டுவது எங்கள் வழக்கம். போதாததற்கு, “குளிருக்கு முன்னாடியே வியன்னாவுக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன்” என்று கோடையில் ஸ்தானிகாவே சொல்லியிருந்தாள்.

போகவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு காவல் புனிதர் உண்டு; அவள் வீட்டுக்குப் புனித ஜார்ஜியார். நவம்பரில் வரும் அவருடைய திருநாளன்று வீட்டை இருட்டாக விட மனம் வரவில்லை. அந்த நாளில் யாரையும் அழைக்கக் கூடாது என்பது வழக்கம். வருகிறவர்கள் தாமாக வர வேண்டும். ஒருவரும் வராவிட்டால் நாளை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

3

திருநாளான இன்று காலையில் ரொட்டிக்கடைக்கு இறங்கினாள்.

“என்ன அத்தை, நீங்க வியன்னாவுல இல்ல?” என்றாள் கடைக்காரி தோப்ரிலா.

“இருந்தா இங்க எப்படி நிப்பேன்? நாலு ரொட்டி குடு.”

“ஒத்த ஆளுக்கு நாலா? பல்லே நாலுதான இருக்கு.”

“பல்ல எண்ணாத. ரொட்டிய எண்ணு.”

தோப்ரிலா சிரித்தாள். ஸ்தானிகா நகராமல் நின்றாள். ‘இன்னிக்கு எங்க வீட்ல—’ என்று மனதுக்குள் தொடங்கினாள்.

(இந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் முடித்துக்கொடுத்தால் அது அழைப்பாகிவிடும்.)

“முட்டைக்கோஸ் இலையில கறி வச்சு சுருட்டிச் சுருட்டி கை ஓஞ்சுபோச்சு” என்று மட்டும் சொன்னாள்.

தோப்ரிலா ஐந்தாவதாக ஒரு ரொட்டியைப் பையில் போட்டாள்.

4

கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: ஊரே திரண்டு படியேறியது. அடித்துவிட்டேன், அவளிடம் அத்தனை நாற்காலி கிடையாது.

இரண்டாவது: யாரும் வரவில்லை. இதை என்னால் எழுத முடியாது. ஐந்தாவது ரொட்டியை வைத்த கையை நம்புகிறவன் நான். கடவுள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வேலை செய்கிறார்.

மூன்றாவது: நானே போவது. செல்லாது. கதை எழுதுகிறவனை எந்த வீட்டிலும் விருந்தாளியாக எண்ணுவதில்லை.

5

மாலை. மெழுகுவர்த்தி எரிகிறது. வருகிறவர்களுக்கான இனிப்பிட்ட கோதுமைக் கிண்ணத்தருகே கரண்டிகள் இருக்கின்றன. சன்னலைப் பனி மூடியிருக்கிறது. ஏறி வருகிறவர் யாரென்று வாசலுக்கு வந்தால்தான் தெரியும். ஸ்தானிகா கதவைத் தாழிடவில்லை.

பாலம் தாண்டினால் ரொட்டிக்கடை. அதற்கு எதிரே ஏறுகிற படிகள். வழி உங்களுக்குத் தெரியும். வழக்கப்படி நானும் உங்களை அழைக்கவில்லை.

கையேட்டில் ‘மக்கள் தொகை’ என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.