நாற்பத்து மூன்றாவது வேலையில்லாதவர்

சேவூர் ஜெபராணி சமூகவியல் படித்தது ஆசைப்பட்டு அல்ல. 1976இல் சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு விண்ணப்பித்தாள். அந்த இடங்கள் நிரம்பிவிட்டன, சமூகவியலில்தான் இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். பெட்டி படுக்கையோடு வந்து நின்றவள் வேண்டும் என்றாள்.

அவளுடைய அப்பா ஏசுதாஸ் ஆரணியில் பள்ளி ஆசிரியர். மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம் முதலில் 'சோஷியாலஜி' என்றுதான் சொன்னார். எதிர்வீட்டில் பட்டுத்தறி போட்டிருந்த வேணுகோபால் அதைக் கேட்டுப் பதறிப்போனார்.

"சோஷலிசமா? இன்னா சார் நீங்க, எமர்ஜென்சி நடந்துகினு இருக்குது. பொம்பளப் புள்ளைய இதுல எல்லாம் வுடலாமா?"

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஏசுதாஸ் 'இங்கிலீஷ்' என்று சொல்லிவிடுவார்.

ஜெபராணிக்கோ முதல் வருடம் முடிவதற்குள் பாடம் பிடித்துப்போயிற்று. யார் வீட்டு வாசலில் யார் எவ்வளவு தள்ளி நிற்பது, யார் சாப்பிட்ட பிறகு யார் சாப்பிடுவது என்று இயற்கைபோல் நடந்துவந்ததெல்லாம் மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்று புரிந்தபோது, ஊரே அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது. முதல் வகுப்பில் தேறி 1978இல் ஊர் திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். பி.எட். படிக்கப் போனாள். "எந்த ஸ்கூல்லம்மா இந்தப் பாடம் நடத்துறாங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா தன் பட்டியலை இரண்டு முறை புரட்டிவிட்டு, 'இதர' என்ற தலைப்பின் கீழ் அவள் பெயரை எழுதினார். மனிதர்களை வகைப்படுத்துவது பற்றி இரண்டு வருடம் படித்தவள், வகையில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த இரண்டு வருடம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள்.

1980 ஆடி மாதம், லீலா என்ற பெண் சென்னையிலிருந்து ஒரு கட்டுப் படிவங்களோடு வந்தாள். சிறுநகரங்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களைப் பற்றிப் பேராசிரியர் பச்சையப்பன் நடத்தும் ஆய்வு. ஆரணி வட்டாரத்தில் அறுபது பேர். ஜெபராணி நாற்பத்து மூன்றாவது.

"வேலை இல்லாததால் உங்களுக்கு ஏற்படும் உணர்வு. வருத்தம், மிகுந்த வருத்தம், கருத்து இல்லை. இதுல எது?" என்று லீலா படித்தாள்.

"கோவம் எங்கீங்க?"

லீலா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அது இல்லைங்க."

"அப்ப நீங்க கேள்விய மாத்தணும். இருங்க, இன்னும் எத்தினி தப்பு இருக்குதுன்னு பார்ப்போம்."

ஒரு மணி நேரத்தில் பதினொரு கேள்விகளில் பென்சில் கோடு விழுந்தது. லீலாவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அவளும் ஒரு பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜெபராணி அவளை எதிர்வீட்டுக்கு அழைத்துப்போனாள். வேணுகோபாலின் மனைவி ஜெயம் ராட்டையைச் சுழற்றி, தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கான பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேலை பாக்கறீங்களா?" என்று லீலா கேட்டாள்.

"எனக்கு ஏது வேலை? வூட்ல சும்மாதான் இருக்கேன்" என்றாள் ஜெயம். கை நிற்கவில்லை.

லீலா 'இல்லை' என்று எழுதப்போனாள். ஜெபராணி தடுத்தாள். "யக்கா, காலைலேர்ந்து இன்னா இன்னா பண்ண, சொல்லு."

ஜெயம் சொல்லத் தொடங்கினாள். நூல் நனைத்தது, உலர்த்தியது, அறுந்த இழைகளை முடிந்தது, நடுவில் சமையல், மறுபடி தார். பக்கம் நிரம்பிய பிறகும் மத்தியானம் வரவில்லை.

லீலா இதையெல்லாம் பேராசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே மாதத்தில் கடிதம் வந்தது. ஜெபராணியை ஆறு மாதத்துக்குக் கள ஆய்வாளராக நியமித்திருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு: 'தங்களுக்கு வேலை கிடைத்துவிட்டபடியால் நாற்பத்து மூன்றாம் படிவம் செல்லாது. பதிலாக வேலையில்லாத வேறொருவரைத் தாங்களே சேர்க்கவும்.'

அந்த வேறொருவர் பி.காம். படித்த தசரதன். படிவத்தைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இதுல சேந்ததாலதான உங்களுக்கு வேலை வந்துச்சு?"

"அப்படி இல்லப்பா. அது வேற" என்றாள். எப்படி வேறு என்று அவளாலேயே சரியாக விளக்க முடியவில்லை.

மறுவாரமே வீட்டு வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. செய்யாரிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். சான்றிதழ் நகல், பாதிரியார் தந்த நற்சாட்சிக் கடிதம், ஒருவர் கையில் பழத்தட்டு. "ஜல்தி எழுதிக்கோங்க மேடம், பஸ்ஸுக்குப் போவணும்" என்று அவசரப்படுத்தினார்கள். வேலை கிடைக்காது என்று சொன்னால், யாருக்கோ ஒதுக்கிவைத்திருக்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். சொல்பவர் சொன்னதை எழுதுவதுதான் ஆய்வின் விதி. எழுதினாள். அறுபது என்பது சீக்கிரமே நூற்றெட்டு ஆனது. பேராசிரியர் மகிழ்ந்தார்.

கார்த்திகையில் அம்மாவோடு ஆரணியில் ஒரு பட்டுக்கடைக்குப் போனாள். புடவை விரித்துக் காட்டியவன் எழுபத்தொன்றாம் எண். மூன்று வருடமாக வேலையே இல்லை என்று கண்கலங்கிச் சொன்னவன்.

"இத போய் வேலைன்னு சொல்றீங்களா மேடம்? கவர்மென்ட் வேலை வர்ற வரைக்கும் சும்மா நிக்கறேன்" என்றான், அம்மாவுக்கு முந்தானையைத் தூக்கிக் காட்டியபடியே.

அடுத்த மூன்று வாரம் அவள் எல்லா வீடுகளுக்கும் மறுபடி நடந்தாள். இந்த முறை 'வேலை இருக்கிறதா' என்று கேட்கவில்லை. 'நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள்' என்று கேட்டாள். முப்பத்தொன்பது பேருக்கு வேலை இருந்தது.

அவள் அதை முடித்த வாரமே பேராசிரியரின் கடிதம் வந்தது. ஆரணி வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருக்கிறது, எனவே ஆய்வை இரண்டு வருடம் நீட்டிக்க அரசிடம் கேட்கப்போகிறார், ஜெபராணியின் வேலையும் நீளும்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து படிவங்களை மறுபடி எண்ணினாள். பிறகு நடந்ததை நான்கு பக்கத்தில் எழுதினாள். ஆய்வில் சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்ற வதந்தியே வேலையில்லாதவர்களை உண்டாக்கியது, அந்த வதந்திக்குக் காரணம் தனக்குக் கிடைத்த வேலை.

அம்மா பாக்கியமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "யாருடி உன்னக் கேட்டா? வந்த வேலைய நீயே தொரத்திக்கினு இருக்கியே."

"கேக்கறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்" என்று சொல்லித் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. தை மாதம் ஜெபராணிக்கு வேலை போயிற்று. ஆரணியின் வேலையில்லாதவர் கணக்கில் உண்மையாகவே ஒருவர் கூடினார்.

சித்திரையில் லீலாவின் கடிதம் வந்தது. டில்லியில் நடந்த ஒரு மாநாட்டில் பேராசிரியர் அந்த நான்கு பக்கத்தைப் படித்து நல்ல பெயர் வாங்கிவிட்டாராம். ஜெபராணியின் பெயரைச் சொல்லாமல், தான் எழுதியதாகத்தான் படித்தாராம். படிவங்களில் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்று அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்டதால், அலுவலகத்தில் நிரந்தரமாக ஒரு பதவி வந்திருக்கிறது, உடனே வரவும்.

ஜெபராணி பெயரைப் பற்றிய இடத்தை இரண்டு முறை படித்தாள். திட்டலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. தன் எழுத்து டில்லி வரை போயிருக்கிறது என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள்: வருகிறேன், ஆனால் இனி நான் எழுதுவதில் என் பெயரும் இருக்க வேண்டும். சரி என்று பதில் வந்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

மகளுக்கு என்ன வேலை என்று வேணுகோபால் விசாரித்தபோது ஏசுதாஸ் இந்த முறை மறைக்கவில்லை. "மெட்ராஸ்ல. யார் பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கிற வேலை" என்றார் பெருமையாக.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவள் ஊருக்கு வந்து எதிர்வீட்டுக்குக் கேக் எடுத்துப்போனாள். "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றுதான் கேட்டாள். வேணுகோபால் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் எத்தனை தறி ஓடுகிறது, ரேஷன் அட்டையில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்று, கேட்காததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தார்.