ஆறாவது இடத்தில் விளக்கு இல்லை

அறுபத்தாறாம் வருஷ சீசன். குற்றாலத்தில் சிவனணைந்தபெருமாளின் எண்ணெய்க் கொட்டகையில் பெஞ்சு ஐந்து. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் தேய்த்துவிட ஆள் ஒருவன்தான், நல்லதம்பி. அவன் தேய்த்து வழிகிற எண்ணெயில் தென்காசி முழுக்க ஒரு வாரம் வடை சுடலாம். யாருக்கு முதலில் என்று ஓயாத சண்டை. டெலிபோன் மெக்கானிக்கான நான், எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட ரிலே சுவிட்சுகளை ஒரு பலகையில் பூட்டி, பெஞ்சுக்கு ஒரு விளக்கு மாட்டிக்கொடுத்தேன். விளக்கு எரிகிற பெஞ்சுக்கு முறை. முடிந்ததும் நல்லதம்பி பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் அடுத்த பெஞ்சுக்குத் தாவும்.

சாரலில் கரண்டு கண் சிமிட்டாத நாள் உண்டா? சிமிட்டினால் சில நேரம் இரண்டு விளக்கு எரியும். இரண்டு பேர் துண்டை வரிந்துகட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். சில நேரம் எல்லாமே அணைந்துவிடும். தாவுவதற்கு வெளிச்சமே இல்லையென்றால் பொத்தான் என்ன செய்யும்? நான் வந்துதான் முதல் விளக்கை ஏற்றிவிட வேண்டும். பஸ் ஏறி ஏறி என் இடுப்பு கழன்று இலத்தூர் விலக்கில் விழுந்துவிட்டது.

"ஏன்வேய், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பலகையை அருவியில வீசிருவேன்" என்றார் சிவனணைந்தபெருமாள்.

வயரிங்கை மாற்றினேன். மற்ற விளக்குகள் அணைந்திருந்தால்தான் முதல் விளக்கு எரியும். அதுவும் தானாகவே எரியும். கூடுதலாக எரிகிறவை பொத்தானை அழுத்த அழுத்தக் கடைசி பெஞ்சைத் தாண்டி உதிர்ந்துபோகும். என்ன குழப்பம் வந்தாலும் ஒரு சுற்றில் சரியாகிவிடும்.

நாலு நாளில் நல்லதம்பி வந்து நின்றான். "என்னைக் கொன்னுட்டியளே அண்ணாச்சி."

"என்னலே?"

"முன்னெல்லாம் இருட்டாச்சுன்னா நீங்க வார வரைக்கும் உக்காந்திருப்பேன். இப்ப அது அணையவே மாட்டேங்கு. கையைப் பாருங்க." விரல்கள் மடங்கவில்லை. "முதலாளிகிட்ட ஓய்வு கேட்டா விளக்கைக் காட்டுதாரு. நான் எங்க ஊரு வடகரைக்கே போயிருதேன், வயக்காட்டு வேலையே தேவலை."

அலுப்போடு மறுபடி பலகையைத் திறந்தேன். ஆறாவதாக ஒரு ரிலே வைத்தேன். அதற்குப் பெஞ்சும் இல்லை, விளக்கும் இல்லை. ஐந்தாவது பெஞ்சு முடிந்து முறை அதனிடம் வந்தால், மறுபடி பொத்தானை அழுத்துகிற வரை முதல் விளக்கும் எரியாது.

"என்னவேய், எல்லாம் அணைஞ்சு கிடக்கு? மறுபடியும் பழுதா?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

"பழுதில்ல. சுத்துக்கு ஒரு தடவை ரிலே மூச்சு வாங்கணும். இல்லேன்னா வெடிச்சு உம்ம கொட்டகை அச்சன்புதூர்ல போய் விழும்."

"எவ்வளவு நேரம் வாங்கும்?"

நல்லதம்பி தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

"அது ரிலேயோட அலுப்பைப் பொறுத்தது" என்று சொல்லி அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இரண்டு பேருமே அழுத்தவில்லை.