மூட்டத்துக்குள் கூப்பிட்ட பெயர்

மார்கழி முழுதும் வங்கக்கடலில் ஒன்று மாறி ஒன்றாகத் தாழமுக்கம் உருவாகி, ஊர்காவற்றுறையை நனைத்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தது. தை பிறந்ததும் மழை ஓய்ந்தது. அன்று பின்னேரம் வாடைக்காற்றும் திடீரென்று விழுந்துவிட்டது. கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்த அல்போன்சம்மாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வானத்தில் ஒரு முகில் இல்லை. நிலமோ இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது. இப்படியான இரவில் நிலம் விறுவிறென்று குளிர்ந்துபோகும். அதன்மேல் நிற்கிற ஈரக்காற்றும் சேர்ந்து குளிரும். கலைத்துவிடக் காற்றில்லாததால் விடியும்போது கரையும் கடலும் பனிமூட்டத்தால் வெள்ளையாய் மூடிக் கிடக்கும். கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

புருசனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அவரோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள்.

புருசன் பஸ்ரியாம்பிள்ளைக்கு முழங்கால் வருத்தம். தனியக் கடலுக்குப் போகவேண்டாம், யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்னதற்கு, “கடலைப் பற்றி நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்” என்று கரையில் நாலுபேர் கேட்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் ‘டக்’கென்று வைப்பதுதான் அந்த வீட்டின் பேச்சு. மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்குப் பிறவியிலேயே கிடையாது. அவளும் லேசில் இறங்கி வருகிற ஆளில்லை.

விடியப்புறம் அவர் வலை எடுக்கப் புறப்பட்டபோது போன் சார்ச்சில் கிடந்ததை அவள் கண்டாள். சொல்ல வந்தது தொண்டைவரை வந்தது. வீம்பு அதை விழுங்க வைத்தது. அவர் போய்விட்டார்.

கிழக்கு வெளுக்கவில்லை, வெள்ளை மட்டும் வந்தது. முற்றத்து முருங்கை மறைந்தது, வேலி மறைந்தது. அல்போன்சம்மா செருப்பைக்கூடப் போடாமல் கரைக்கு ஓடினாள்.

அங்கே கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மூட்டம் போட்டால் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு படகுகள் கரைக்கு வருவது வழக்கம். ஆனால் செபஸ்தியார் நவநாள் நடப்பதால் அடுத்த கரைக் கோயிலிலும் மணி அடித்தார்கள். மூட்டத்துக்குள் இரண்டும் குழம்பிப்போய், சில்வெஸ்ரர் தன் படகை அடுத்த கரைக் கல்லில் ஏற்றி அடியை உடைத்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. உடனே மணியை நிறுத்தினார்கள். இனிக் குரல்தான்.

அந்தக் கரை முழுக்கக் கல். ஒவ்வொரு படகுக்கும் கல்லுகளுக்கு நடுவே ஒவ்வொரு வழி. பெண்கள் அவரவர் படகு ஏறும் இடத்தில் போய் நின்று கூப்பிட்டார்கள்.

“இஞ்சாருங்கோ...”

புருசன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எல்லோரும் கூப்பிட்டது அந்த ஒரே சொல்லைத்தான். மூட்டத்துக்குள்ளிருந்து நாலைந்து ஆண்குரல்கள் ஒன்றாக “ஓம்” என்றன. யாருடைய பெண்சாதி யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஆண்டவருக்கே விளங்கியிராது. பக்கத்தில் நின்ற பிரேமினி, போன வருசம் கல்யாணம் கட்டியவள், “றெக்ஷன், இஞ்சாலை” என்று ஒரு சத்தம் வைத்தாள். றெக்ஷனின் படகு நேரே வந்து சேர்ந்தது.

“மாமி, நீங்களும் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ” என்றாள் பிரேமினி.

அல்போன்சம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூத்தவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது சுவாமியார் தகப்பன் பெயரைக் கேட்க, பக்கத்தில் நின்றவரை விரலால் காட்டியவள் அவள். மூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டு போனது. இந்த வெள்ளைக்குள் ஒரு சின்னப் படகு அதன் கண்ணில் படாது.

“பஸ்ரியாம்பிள்ளை” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

“பஸ்ரியாம்பிள்ளை...”

ஒரு பதிலும் இல்லை. வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினாள். “பஸ்ரியாம்பிள்ளை, இஞ்சாலை வாங்கோ. போனை விட்டிட்டுப் போறியள் எண்டு கண்டனான். கண்டும் சொல்லேல்லை. என்ரை பிழைதான். வாங்கோ, பஸ்ரியாம்பிள்ளை.”

கிட்டத்திலேயே எஞ்சின் இழுத்துப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைக்குள்ளிருந்து படகின் மூக்கு வந்தது, பிறகு அவர் வந்தார். தலைமயிரெல்லாம் பனித்தண்ணி.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள். “கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“கேட்டால் உடனை வரத் தெரியாதோ?”

பஸ்ரியாம்பிள்ளை அவளைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார். “அம்மா செத்தாப் பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆர் இருக்கினம்? அண்ணை எண்டுவினம், அப்பா எண்டுவினம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

அல்போன்சம்மாவுக்கு அழுகை முட்டியது. ஊருக்கு முன்னால் அழுவதைவிட ஏசுவது லேசாக இருந்தது. நொண்டி நொண்டி வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை ஏசிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு ஏச்சையும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினாள்.