மசோதாவுக்கு ஒரு பக்கம்

1.

ஆறரைக்கு எழுந்தேன். காப்பி போட்டேன். பூனைக்குத் தீனி வைத்தேன். சவரம் செய்தேன். ஊர் வழக்கப்படி வாசற்கதவில் ஒட்டியிருந்த ராலித்சாவின் மரண அறிவிப்பு காற்றில் கிழிந்திருந்தது. ஒட்டுநாடா வைத்து ஒட்டினேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

இது கதையாக வந்திருக்கக் கூடாது. நாடாளுமன்றக் குழு கேட்ட ஒரு பக்க வாக்குமூலம். மனநல மருத்துவத்துக்கு நிதி ஒதுக்கும் மசோதா வியாழக்கிழமை குழுவுக்கு வருகிறது. மாவட்டத்துக்கு ஒரு மையம் என்ற பிரிவை வெட்டப் பார்க்கிறார்கள். தன்யூப் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மனநல மருத்துவர் கிடையாது. என் மனைவி ராலித்சா பேருந்தில் இரண்டரை மணி நேரம் போய்வருவாள். ஏப்ரலில் ஒருநாள் போனவள் திரும்பவில்லை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். எப்படி என்று எழுத மாட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "என் மனைவி ஓர் அற்புதமான"

[விட்டுவிட்டேன். எல்லா மரண அறிவிப்பிலும் இருக்கும் வரி.]

இரண்டாவது: "முதல்முறை மருத்துவரைப் பார்த்துவிட்டு அவள் வந்த அன்று, பேருந்து நிலையத்தில் ஆறு டியூலிப் பூக்களோடு நின்றேன். சிரித்தாள்."

இது நன்றாக இருப்பதாகப் பட்டது. ரூமியானாவுக்கு அனுப்பினேன். ராலித்சாவின் பள்ளித் தோழி. இப்போது தலைநகர் சோபியாவில் அந்தக் குழுவின் உதவியாளர். உடனே கூப்பிட்டாள்.

"டேய், எத்தனை பூ குடுத்தே?"

"ஆறு."

"உயிரோட இருந்தவளுக்கு ஆறா?"

எழுதிய வரியை மறுபடி பார்த்தேன்.

"அதாலயே உன் மண்டையில அடிச்சிருப்பாடா. 'என் புருஷன் கணக்கு வாத்தியாரு, ஒத்தைப்படை மட்டும் தெரியாது'ன்னு தெருவெல்லாம் சொல்லியிருப்பா."

[எங்கள் வழக்கத்தில் இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்கு. அன்று நான் கொடுத்தது ஐந்து. இரண்டு மாதமாகக் கல்லறைக்கு வாங்கி வாங்கிக் கை பழகிவிட்டது. திருத்தினேன்.]

3.

"சரி, முடிவு எங்கே?" என்றாள் ரூமியானா. "கடைசியா அவ சொன்னது ஒண்ணு வேணும். தலையைக் குனிஞ்சு போனையே பாத்துட்டிருக்கிறவனுங்க நிமிரணும்."

"அவ அப்படி ஒண்ணும் சொல்லல."

"அப்ப நீ எழுது. காலேஜ் பத்திரிகையில நாலு கதை எழுதினவன்தானே? அந்தப் பிரிவு நின்னா நம்ம ஊருக்கு ஒரு டாக்டர் வருவாருடா. இன்னொருத்தி அந்த பஸ்ல ஏற வேண்டாம்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: "நம்ம ஊர்ல ஒரு டாக்டர் இருந்திருந்தா..." என்றாள். [யாராவது "இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறவள்.]

முடிவு ஆ: "என்னை மறந்துடாதே." [அவள் என்னைத் திட்டாமல் எதையும் கேட்டதில்லை.]

முடிவு இ: ஒன்றும் சொல்லாமல் என்னை நெடுநேரம்

[பொய்.]

மூன்றிலும் அவள் பேசுவதற்கு முன்பே செத்திருந்தாள். என்னால் அவளை அப்படி அனுப்ப முடியாது, நல்ல காரியத்துக்குக்கூட.

4.

ஆகவே, குழு உறுப்பினரே, இதைப் படிக்கும் வேறு யாராக இருந்தாலும், முடிவை நான் எழுதவில்லை. பிரிவை வைப்பதும் வெட்டுவதும் உங்கள் வேலை. நடந்ததை மட்டும் தருகிறேன். அவள் கடைசியாகப் போன அன்று பகல் பன்னிரண்டேகாலுக்கு, எனக்கு இரண்டு வகுப்புக்கு நடுவே, மருத்துவமனை வாசலிலிருந்து கூப்பிட்டாள். குரலில் வித்தியாசம் எதுவும் இல்லை. சொன்னது இவ்வளவுதான்:

"டாக்டர் இன்னிக்கும் வரலையாம். பரவால்ல. வீட்ல தயிர் இருக்கா, நான் வாங்கிட்டு வரணுமா?"