மேமலை அம்புலன்ஸ்

டேஷ்போர்டைக் கழற்றி, அதன் அடியிலிருந்த கூலிங் பெட்டியைத் திறந்ததும் விஜிதரன் மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. காயத்துக்குக் கட்டும் துணி, பஞ்சு, கிழிந்த கையுறை என்று வண்டிக்குள் அகப்பட்டதையெல்லாம் கடித்து இழுத்து வந்து சேர்த்த கூடு. அதன் நடுவில் எலிக்குஞ்சுகள் காய்ந்து, செருப்புத் தோலைப் போல ஒட்டிக் கிடந்தன. குளிர் வரவேண்டிய கம்பி வலை முழுக்கக் கறுப்புப் பூசணம். இத்தனை வருடமாக நோயாளிகள் இதன் வழியாக வந்த காற்றைத்தான் குடித்திருக்கிறார்கள்.

ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சரிவில் மரியரட்ணத்தின் கராஜ் இருந்தது. விஜிதரன் அங்கே ஏ.சி. வேலை பார்த்தான். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நடக்கும் ஊரில் ஏ.சி.க்கு ஆள் வருவது குறைவு. கொழும்புக்கு ஓடும் வேன்கள்தான் வரும். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்து அம்புலன்ஸ் ஏ.சி. போட வந்திருக்கிறது என்று முதலாளி சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. அது அவன் பிறந்த தோட்டம். இன்றைக்கும் அவன் குடியிருப்பது அங்கே, மேமலைக் கணக்கு என்ற பிரிவில், தொழிலாளர்களின் லய வரிசை வீட்டில். நோயாளியைக் கண்டி வரைக்கும் கொண்டுபோகிற நாட்களில் கீழே இறங்க இறங்க வண்டிக்குள் வெந்துபோவார்கள். கடைசியில் யாருக்கோ மனசு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பழைய ஜப்பான் வண்டி அது. அதன் ஏ.சி. பழைய பன்னிரண்டு நம்பர் காஸில் ஓடுவதற்காகச் செய்தது. அந்தக் காஸை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. வண்டியில் இருந்ததும் எப்போதோ கசிந்து போயிருந்தது. புதிய காஸுக்கு மாற்றுவதென்றால் சிலிண்டரை மாட்டித் திறந்துவிட்டால் போதாது. குழாய்களுக்குள் தங்கிய பழைய எண்ணெய் புதுக் காஸோடு சேராது. அதைக் கழுவித் துடைத்தெடுத்து வேறு எண்ணெய் ஊற்ற வேண்டும். இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களையும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும், காஸ் ஏற்றும் வாயையும் மாற்ற வேண்டும்.

"கழுவாம அடிச்சாலும் ஆறு மாசத்துக்கு ஓடுண்டா. எதுக்கு இவ்வளவு மெனக்கெடுற?" என்றார் மரியரட்ணம்.

"அம்புலன்ஸ்ங்க. கண்டிக்குப் போற வழியில நின்னுட்டா என்ன செய்ய?"

கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, கறுத்த எண்ணெய் ஒழுகி அவன் முழங்கை வரை வழிந்தது. கூலிங் வலையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தான். மத்தியானச் சோற்றை இடது கையால் சாப்பிட வேண்டியிருந்தது. எத்தனை முறை கழுவியும் வலது கையில் எலி நாற்றம் போகவில்லை.

அம்புலன்ஸ் டிரைவர் மூக்கன் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்தார். வண்டியை அவர்தான் ஆரம்பத்திலிருந்து ஓட்டுகிறார்.

"ஒம் மக பொறந்த வண்டிடா. ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனாண்ணே?"

அன்றைக்குத் தேயிலை மலை வளைவில், அடைமழையில், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காதான் கூட வந்திருந்தாள். தன் சேலைத் தலைப்பைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றி, மூக்கில் வாய் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். அதன் பிறகுதான் பிள்ளை அழுதது.

மறுநாள் காஸ் ஏற்றியதும் காற்று சில்லென்று வந்தது. அதைப் பார்க்கத் தோட்டத்தின் உதவி மேனேஜரான சின்னதொரை வந்தார். இளவயதுக்காரர். தொழிலாளர்களிடம் பேசுவதற்கென்று கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. அதில் தொழிலாளிக்கு மரியாதையாக 'ங்க' போடும் வழக்கமே கிடையாது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, காற்று வரும் வாயில் மூக்கை வைத்தார். உடனே இறங்கிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"குளிர் சரி. நாத்தம் இருக்கு."

"கழுவுன மருந்து வாசம்ங்க தொரை. ரெண்டு நாள்ல போயிரும்."

"மருந்து இல்ல. இது லயத்து நாத்தம். எனக்குத் தெரியும். நீயும் லயத்து ஆள்தானே, ஒனக்கு வெளங்காது."

மரியரட்ணம் சிரித்தார். விஜிதரன் கையிலிருந்த துணியை மடித்தான், விரித்தான், மறுபடியும் மடித்தான்.

"ஸ்ட்ரெச்சரைக் கழட்டு. சீட் வந்திருக்கு, போடு. வெளியில இருக்கிற சிலுவையும் சொரண்டு. பங்களா இப்ப ஹோட்டல். நாளைக்கு வெள்ளைக்காரங்க ரயில்ல வாறாங்க, சீக்காளி வண்டின்னு தெரியக் கூடாது."

"அப்ப அம்புலன்ஸுக்குங்க?"

"வேற வரும். கேட்டிருக்கு."

மூக்கன் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு முன்னமே தெரியும் என்பது அவர் தரையைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. "நேத்து வந்தப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான் விஜிதரன் பிறகு. "சொன்னா என்ன, செய்யாம விட்டிருப்பியா?" என்றார் மூக்கன். இல்லை. செய்திருப்பான். முதலாளி சொன்னால் செய்யத்தான் வேண்டும். அது தெரிந்ததால்தான் அவனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. செஞ்சிலுவையை அவன் தகட்டுக் கத்தியால் சுரண்டினான். சிவப்புப் பெயின்ட் தூள் வியர்வையில் நனைந்து நகக்கண்களில் ஏறியது.

முதல் ஓட்டத்தில் ஏதாவது கோளாறு வந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று சின்னதொரை சொல்லியிருந்தார். அதனால் அடுத்த நாள் காலை விஜிதரனும் வண்டியில் ஏறினான். அவர் முன்சீட்டில், இவன் கடைசிச் சீட்டில். தோட்டத்திலிருந்து கொட்டகலை ஸ்டேசனுக்கு ஆட்களை ஏற்றப் போகிற பயணம். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வெளியே பனிப்புகை மூடியிருக்கும்போது உள்ளே ஏ.சி. முழுவேகத்தில் ஓடியது. மூக்கன் புது வெள்ளைச் சட்டைக்குள் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓட்டினார். உள்ளே எதையோ அடித்திருந்தார்கள். மல்லிகை வாசனை தொண்டையை அறுத்தது.

மேட்டு வளைவில் திரும்பும்போது மலையிலிருந்து பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். கூடைகளை எறிந்துவிட்டுத் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, செடிகளுக்குள் விழுந்து எழுந்து வந்தார்கள். குளவிக் கூடு கலைந்திருந்தது. ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் ஒருத்தி சரிந்து கிடந்தாள். அவள் மேல் இன்னொருத்தி குப்புற விழுந்து மூடியிருந்தாள்.

மூடியிருந்தவள் சுலக்ஷனா. கீழே கிடந்தவள் அவளுடைய தாய் அம்மாக்கண்ணு.

மூக்கன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். பெண்கள் ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த வண்டி. சிலுவை இல்லாததை யாரும் கவனிக்கவில்லை.

"மூக்கண்ணே, கதவத் தொறங்க! அம்மாவுக்கு மூச்சு வாங்குது! மூஞ்சியெல்லாம் கொட்டிருச்சு!"

சின்னதொரை கைநீட்டி மூக்கனின் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். "குளவி உள்ளுக்கு வந்திரும். கொழுந்து ஏத்துற டிரெக்டரைக் கூப்பிடுறேன். நீ எடு."

"போற வழியிலதாங்க தொரை ஆஸ்பத்திரி" என்றான் விஜிதரன் பின்னாலிருந்து. "எறக்கிட்டுப் போயிரலாம். ஸ்டேசனுக்கும் நேரம் இருக்கு."

"புது சீட். வாந்தி எடுத்தா யார் கழுவுறது? நீயா?"

"நாந்தான் கழுவுனேன். திரும்பவும் கழுவுறேன்."

சின்னதொரை திரும்பி அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சோற்றில் ஏதோ கிடப்பதைப் பார்த்ததுபோல உதடு மட்டும் சுளித்தது. "மூக்கன், எடு" என்றார்.

விஜிதரன் பக்கக் கதவை இழுத்துத் திறந்து குதித்தான். அம்மாக்கண்ணுவைத் தூக்குவதற்காகக் கானுக்கு ஓடினான். அவளை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தும்போது, பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பினான். கண்ணாடியில் பெண்களின் உள்ளங்கைகள் பட்டுப் பட்டு விலக, வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. மூக்கன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

டிரெக்டர் பாக்டரியிலிருந்து வரவேண்டும். அது வந்து சேருவதற்குள் அம்மாக்கண்ணுவின் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. உதடு தடித்து வெளியே வந்தது. மூச்சு ஒவ்வொன்றும் மெல்லிய விசிலோடு இழுத்தது. யாரோ சுண்ணாம்பு தடவினார்கள். யாரோ மாரியம்மனைக் கூப்பிட்டார்கள். சுலக்ஷனா தாயின் கூந்தலுக்குள் சிக்கிக்கொண்ட குளவிகளை ஒவ்வொன்றாக நசுக்கி எடுத்தாள். அவளுடைய விரல்களும் வாழைக்காய் போலத் தடித்துவிட்டன.

"யாரு?" என்றாள் அம்மாக்கண்ணு.

"விஜிதரங்க்கா. பேசாதீங்க. இந்தா வந்துருச்சு."

"வண்டி வந்துச்சே..."

அவன் அவள் காதோரத்துக் குளவியைத் தட்டிவிட்டான்.

கொழுந்து மூட்டை ஏற்றும் டிரெயிலர் அது. பச்சைக் கொழுந்தின் ஈரம் அடித்தட்டில் வழுக்கியது. அம்மாக்கண்ணுவைப் படங்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். தலையை விஜிதரன் மடியில் வைத்துக்கொண்டான். கொட்டு வாங்கிய மற்றப் பெண்களும் ஏறிப் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழிக்குக் குழி டிரெயிலர் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலிலும் அவளுடைய விசில் மூச்சு அறுந்து, மறுபடி தொடங்கியது.

பாதி தூரம் இறங்கியபோது கீழே ஹோர்ன் கேட்டது. வளைவில் அதே அம்புலன்ஸ் வேன், ரயிலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏறி வந்து முகத்துக்கு முகம் நின்றது. ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தோட்ட ரோட்டு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வேனின் முன்சீட்டிலிருந்து சின்னதொரை கையை வெளியே நீட்டி, பின்னால் போ என்று காட்டினார்.

"சீக்காளி இருக்காங்க தொரை!" என்று டிரெக்டர்காரர் கத்தினார்.

கை மறுபடியும் பின்னால் போகச் சொன்னது.

டிரெக்டர்காரர் திரும்பி விஜிதரனைப் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார். டிரெயிலர் முனகிக்கொண்டு, வந்த வழியே பின்னோக்கி மேலே ஏறத் தொடங்கியது. பாறை ஒதுங்கும் இடம் வரைக்கும் அப்படியே போகவேண்டும்.

ஏறிக்கொண்டிருக்கும்போதே விசில் நின்றது. அடுத்த தூக்கலுக்கு அது திரும்ப வரும் என்று விஜிதரன் காத்திருந்தான். வரவில்லை. அவள் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினான். கன்னத்தைத் தட்டினான். "அக்கா. அக்கோவ்." சுலக்ஷனா தாயின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டாள்.

டிரெக்டர் பாறையோடு ஒட்டி நின்றது. வேன் மெதுவாகப் பக்கத்தில் ஏறி வந்தது. ஏ.சி. ஓடவில்லை. மலைக்காற்று உள்ளே வரட்டும் என்று எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கியிருந்தார்கள். பனி விலகி, பச்சை மலை முழுக்க வெயில் அடித்தது. பலகைக்குக் கீழே படுத்திருந்தவள் வேனில் இருந்தவர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகைக்கு மேலே நின்ற பெண்கள்தான் தெரிந்தார்கள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி ஒரு கையால் போனை வெளியே நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே, மறுகையை அவர்களைப் பார்த்து ஆட்டினாள். டிரெயிலரில் நின்ற ஒருத்தி, வெயில் சுட்ட முகத்தை மறைக்க வீங்கிய கையை உயர்த்தினாள். அதைத் தனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு, அந்த வெள்ளைக்காரி இன்னும் பலமாகக் கையை ஆட்டினாள்.